முப்பத்தெட்டு விநாடிக் குரல்

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இரண்டு மாதம் தையல்நாயகி வெளியிடத்தில் வாய் திறந்து பேசவில்லை. காய்கறிக் கடையில் கத்தரிக்காயை விரலால் காட்டுவாள். பஸ்ஸில் யாராவது ஏதாவது கேட்டால் தொண்டையைத் தொட்டுக் காட்டி, கட்டிக்கொண்டது என்பதுபோல் முகத்தைச் சுளிப்பாள். உண்மையில் தொண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. யாராவது அவள் குரலை அடையாளம் கண்டுகொள்வார்கள் என்கிற பயம்தான்.

நாயகிக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. கருவடிக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி இருக்கிறாள். அப்பா மில்லில் நூற்புப் பிரிவில் வேலை பார்த்தவர். மில் மூடிய வருஷம் நாயகி பத்தாவது முடித்திருந்தாள். அதோடு படிப்பு நின்றது. கணவன் கமலக்கண்ணன் எலக்ட்ரீஷியன். ஒரே மகள் சுடர்விழி. சேதராப்பட்டில் ஒரு மருந்து கம்பெனியில் நாயகிக்கு பேக்கிங் வேலை. காலை ஆறே முக்காலுக்குக் கம்பெனி பஸ், சாயந்திரம் ஐந்தரைக்கு வீடு. பதினாறு வருஷமாக அட்டைப்பெட்டிகளில் லேபிள் ஒட்டுகிறாள். அவளிடம் யாரும் எதையும் கேட்டு வந்ததில்லை. வீட்டில் கமலக்கண்ணனிடம் கேட்பார்கள், கம்பெனியில் சூப்பர்வைசரிடம் கேட்பார்கள்.

கொரோனா ஊரடங்கில் மகளின் ஆன்லைன் வகுப்புக்காக ஒரு போன் வாங்கினார்கள். வகுப்பு முடிந்த நேரத்தில் அது நாயகியின் கைக்கு வந்தது. அடுத்த வருஷம் மே மாதத்தில் அவள் தம்பி தமிழ்மாறனுக்கு மூச்சுத் திணறல் வந்தது. முப்பத்து மூன்று வயது, கொத்தனார் வேலை பார்த்தவன். எந்த ஆஸ்பத்திரியிலும் ஆக்சிஜன் படுக்கை இல்லை. நாயகி தெரிந்த எல்லோருக்கும் செய்தி அனுப்பிவிட்டு, லீவு கிடைக்காமல் வேலைக்குப் போனாள். உள்ளே போன் கொண்டுபோகக்கூடாது, லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போகவேண்டும். மூன்று மணி டீ நேரத்தில் எடுத்துப் பார்த்தபோது, முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து இரண்டு பத்துக்கு ஒரு செய்தி வந்திருந்தது. ஒரு படுக்கை காலியாகிறது, உடனே கூப்பிடுங்கள் என்று நம்பர் கொடுத்திருந்தார். நாயகி கூப்பிட்டாள்.

"இப்பதாம்மா போச்சி. அஞ்சு நிமிஷம்தான் ஆவுது" என்றார்கள்.

மூன்றாம் நாள் தமிழ்மாறன் இறந்தான்.

அதற்குப் பிறகு எந்தச் செய்தியையும் அவளால் அப்படியே விட முடியவில்லை. ரத்தம் தேவை, குழந்தை காணவில்லை, நாளை தண்ணீர் வராது, எந்த மாத்திரை எதற்கு ஆகாது, எந்த ரோட்டில் மரம் விழுந்தது என்று வந்ததையெல்லாம் அனுப்பினாள். பஸ் குரூப், தெரு குரூப், சொந்தக்கார குரூப், மகளின் பள்ளிக்கூட குரூப், கோயில் குரூப் என்று மொத்தம் இருபத்து மூன்று. "நியூஸ் அக்கா" என்று பஸ்ஸில் பெயர் வைத்தார்கள். கேலிதான் என்றாலும் நாயகிக்கு அது பிடித்திருந்தது. சூப்பர்வைசர்கூட ஒருநாள் அவள் மேஜைக்கு வந்து, "நாளைக்கு மழை லீவு விடுவாங்களா நாயகி, உனக்கு எதுனா வந்துச்சா?" என்று கேட்டார். அன்றைக்கு வீட்டில் அவள் அதை மூன்று தடவை சொன்னாள்.

மகள் சுடர்விழிக்கு இது ஒத்துவரவில்லை. "ஏம்மா, இதெல்லாம் உண்மையான்னு பார்த்துட்டுதான் அனுப்புறியா?" என்று கேட்பாள்.

"பொய்யா இருந்தா யாருக்கு இன்னா நஷ்டம்? உண்மையா இருந்தா?"

மாமா செத்துப்போன வீட்டில் இதற்குமேல் பேச முடியாது. சுடர்விழி எழுந்து உள்ளே போய்விடுவாள்.

இரண்டாயிரத்து இருபத்து நாலில் நவம்பர் கடைசியில் புயல் வந்தது. சனிக்கிழமை தொடங்கிய மழை ஞாயிற்றுக்கிழமை பகலிலும் நிற்கவில்லை. கரண்ட் போய் ஒருநாள் ஆகியிருந்தது. ஞாயிறு பகல் மூன்று மணிக்கு எங்கள் தெருவில் வீடுகளுக்குள் தண்ணீர் வர ஆரம்பித்தது. சாக்கடையும் மழையும் கலந்து கறுப்பாக, வாசல்படியைத் தாண்டி மெதுவாக உள்ளே வந்தது. கமலக்கண்ணன் மெயினை இறக்கிவிட்டு, பிரிட்ஜைச் செங்கல் மேல் ஏற்றிக்கொண்டிருந்தான். நாயகி கட்டில்மேல் ஏறி நின்றாள். கையில் போன், சார்ஜ் பதினொரு சதவீதம்.

மூன்றே முக்காலுக்கு சொந்தக்கார குரூப்பில் ஒரு செய்தி வந்தது. "அவசரம். ஊசுடு ஏரிக் கரையில் உடைப்பு. தாழ்வான பகுதி மக்கள் வெளியேறவும். பகிரவும்." அவ்வளவுதான். யார் எழுதியது என்று இல்லை. அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே சேதராப்பட்டிலிருந்து கூட வேலை பார்க்கும் ஒரு பெண் கூப்பிட்டாள். "அக்கா, இங்க ரோட்டு மேல தண்ணி போவுதுக்கா, இடுப்பளவு இருக்கு" என்றாள். லைன் அறுந்துவிட்டது.

இரண்டையும் நாயகி ஒன்றாகச் சேர்த்தாள். ஏரித் தண்ணீர் வாய்க்கால் வழியாக நகரத்துக்குள் வருகிறது என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றிய மாத்திரத்தில் அது நிஜமாகிவிட்டது. தமிழில் டைப் அடிக்க நேரமாகும் என்று வாய்ஸாகப் பேசினாள்.

முதல் தடவை பேசியதை அவளே போட்டுக் கேட்டாள். "ஏரி உடைஞ்சிடுச்சாம்" என்று இருந்தது. யாரோ சொல்லக் கேட்டதுபோல. இதை யார் மதிப்பார்கள் என்று நினைத்தாள். அதை அழித்துவிட்டு மறுபடி பேசினாள்.

"எல்லாரும் கேளுங்க, ஏரி உடைஞ்சிடுச்சி. ஊசுட்டேரி உடைஞ்சிடுச்சி. கொம்யூன் ஆபீஸ்லயே சொல்லிட்டாங்க. நான் பார்த்தவங்ககிட்டயே பேசினேன். இடுப்பளவு தண்ணி ரோட்டுல போவுது. வாய்க்கா ஓரமா இருக்கிறவங்க எதையும் எடுக்காதீங்க, புள்ளைங்கள தூக்கிக்கிட்டு மாடிக்கி ஓடிடுங்க. வயசானவங்கள முதல்ல ஏத்துங்க. தயவுசெஞ்சி யாரும் தூங்காதீங்க. கடவுளே, யாரையும் விட்டுடாதீங்க."

கடைசி வாக்கியத்தில் அழுதுவிட்டாள். மொத்தம் முப்பத்தெட்டு விநாடி. கொம்யூன் ஆபீஸில், அதாவது எங்கள் பக்கத்துப் பஞ்சாயத்து அலுவலகத்தில், யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த வார்த்தை எப்படித் தன் வாயில் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை என்கிறாள்.

ஒரு தடவைக்கு ஐந்து இடத்துக்குத்தான் அனுப்ப முடியும். ஐந்து ஐந்தாக இருபத்து மூன்று குரூப்புக்கும் அனுப்பினாள். நீல நிறக் குறிகள் விழ ஆரம்பித்தன. பஸ் குரூப்பில் யார் யார் கேட்டார்கள் என்று திறந்து பார்த்தாள். லூர்துசெல்வி, நாலு ஒன்பது. லூர்து அவளுடன் ஒரே சீட்டில் உட்காருகிறவள். அப்பாடா, லூர்துவுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தாள். சிறிது நேரத்தில் போன் அணைந்துபோனது.

எங்கள் தெரு முழுக்க எதிர்வீட்டு மாடியில் ஏறி நின்றது. நானும் நின்றேன். நாயகியின் குரலைப் பதினொரு பேருக்கு அனுப்பிவிட்டுத்தான் நான் மாடி ஏறினேன். அதில் ஒருவர் பிள்ளைச்சாவடியில் இருக்கும் என் அண்ணன். அவர் வீட்டுக்கும் ஏரிக்கும் சம்பந்தமே கிடையாது. மழையில் நனைந்துகொண்டு வாய்க்கால் இருக்கும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தோம். ஏரித் தண்ணீர் வரவில்லை. விடிந்தபோது வீட்டுக்குள்ளிருந்த தண்ணீரும் வடிந்திருந்தது.

திங்கட்கிழமை சாயந்திரம் கரண்ட் வந்து நாயகியின் போனுக்கு உயிர் வந்தது. முதலில் நன்றிகள் வந்து விழுந்தன. கும்பிடும் கைகள் வரிசையாக. "அக்கா, அம்மாவை மாடிக்குத் தூக்கிட்டுப் போயிட்டோம், நீங்க நல்லா இருக்கணும்" என்று ஒருத்தி. நாயகி சிரித்துக்கொண்டே படித்தாள். கீழே போகப்போகச் செய்திகள் மாறின. "ஏரி உடையலையாம்." "யாரோ புரளி கெளப்பி விட்டிருக்காங்க." "இந்தப் பொம்பளைய புடிச்சி உள்ள போடணும்." அதற்குக் கீழே, விழுப்புரத்தில் இருக்கும் கமலக்கண்ணனின் சித்தப்பா மகன் அனுப்பிய ஒரு வாய்ஸ். "இது உங்க ஊரா? பத்திரமா இருங்க." நாயகி அதை அழுத்தினாள்.

அவளுடைய குரலேதான். மேலே அவள் பெயர் இல்லை. பலமுறை பகிரப்பட்டது என்ற குறி மட்டும் இருந்தது.

தான் போட்ட இடங்களில் எல்லாம் அவசர அவசரமாக அழித்தாள். மற்றவர்கள் அனுப்பியதை எப்படி அழிப்பது? அன்றைக்கு ஏழு மணிக்குள் அதே குரல் இன்னும் மூன்று பேரிடமிருந்து அவளுக்கே வந்தது. வதந்தி பரப்பியவர்கள்மேல் நடவடிக்கை எடுக்கப்படும் என்று போலீஸ் அறிவிப்பும் வந்தது. இரண்டு சக்கர வண்டியில் குடும்பத்தோடு ஓடியவர்கள் விழுந்து அடிபட்டதாக யாரோ எழுதியிருந்தார்கள்.

சுடர்விழி பக்கத்தில் வந்து நின்றாள். "அம்மா, இது நீதான?"

நாயகி மகளின் வாயைப் பொத்தினாள். பொத்திய கை சில்லென்று இருந்தது என்று சுடர்விழி பிறகு சொன்னாள். சமையலறையில் நின்ற கமலக்கண்ணனுக்கு எதுவும் கேட்கவில்லை. அவனிடம் சொல்லவும் இல்லை.

வியாழக்கிழமை கம்பெனி திறந்தது. பஸ்ஸில் லூர்துவின் இடம் காலியாக இருந்தது. முன்சீட்டில் ஒருத்தி திரும்பி, பொதுவாக யாருக்கோ சொல்வதுபோல் சொன்னாள்: "லூர்து அப்பா ஏணியிலேருந்து விழுந்துட்டாராம். இடுப்பெலும்பு ஒடைஞ்சிடுச்சி. அந்த வாய்ஸ கேட்டுட்டு மழையில மாடி ஏறியிருக்காரு, தனியா."

பஸ்ஸில் முப்பது பெண்கள் இருந்தார்கள். அந்த வாய்ஸ் யாருடையது என்று முப்பது பேருக்கும் தெரியும். நாயகியின் பெயரோடுதான் பஸ் குரூப்பில் வந்தது. யாரும் அவளைப் பார்க்கவில்லை. யாரும் அவள் பெயரைச் சொல்லவில்லை. நேராகத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்று நாயகி சொன்னாள். இந்த முப்பது பேரில் யார் சொல்லப்போகிறார்கள், எப்போது, யாரிடம் என்று தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை. அன்றைக்கு இறங்கும்போது டிரைவர், "இன்னாக்கா, இன்னிக்கு நியூஸ் இல்லியா?" என்று கேட்டார். நாயகி முதல்முறையாகத் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்.

அன்றிலிருந்துதான் பேசுவதை நிறுத்தினாள். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடுக்கமாட்டாள். அடித்து ஓயும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருப்பாள். தெருமுனையில் போலீஸ் ஜீப் நின்றால் பின்பக்கச் சந்து வழியாகச் சுற்றி வருவாள். ஒருநாள் டீக்கடையில் யாரோ ஒருவர் சும்மா அந்த வாய்ஸைப் போட்டு, "எப்படி அழுவுது பாரு, நடிகை தோத்துடுவா" என்று சிரித்தார். நாயகி பால் பாக்கெட் வாங்காமலே திரும்பிவிட்டாள். வீட்டிலும் அவள் பேச்சு குறைந்தது. கமலக்கண்ணன் டாக்டரிடம் போகலாம் என்றான். டாக்டரிடம் போனால் வாயைத் திற, பேசு என்று சொல்வாரே என்று அதற்கும் பயந்தாள்.

பத்து நாள் கழித்து லூர்து வேலைக்கு வந்தாள். வழக்கம்போல நாயகியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாயகி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தொண்டை இன்னும் செரியாவலியாக்கா?" என்று கேட்டாள் லூர்து. பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். உள்ளே பனங்கற்கண்டும் மிளகும். "வாயில அடக்கிக்க."

அதற்குப் பிறகு தினமும் கொண்டுவந்தாள். நாலு ஒன்பதுக்கு லூர்து அந்த வாய்ஸைக் கேட்டிருக்கிறாள் என்பது நாயகிக்குத் தெரியும். அப்படியிருக்க இவள் ஏன் கேட்கவில்லை? ஏன் இந்தப் பனங்கற்கண்டு? எதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள்? ஒவ்வொரு காலையும் அந்த டப்பா திறக்கும்போது நாயகிக்கு இதுதான் ஓடும்.

பொங்கல் முடிந்து, ஜனவரி கடைசியில் லூர்து சொன்னாள்: "கம்பெனில எல்லாரும் வந்து அப்பாவைப் பார்த்துட்டாங்க. நீ மட்டும்தான் வரல. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி பதினோரு மணிக்கு வா. நான் வீட்டுலதான் இருப்பேன்."

மாட்டேன் என்று சொல்லக்கூட நாயகி வாய் திறக்க வேண்டியிருந்தது. வருகிறேன் என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

லூர்துவின் அப்பா அமலநாதன் வாய்க்கால் ஓரத் தெருவில் ஓட்டு வீட்டை மாற்றிக் கட்டிய ஒரு சின்ன வீட்டில் இருந்தார். எழுபத்தோரு வயது. அவரும் மில்காரர்தான். மனைவி போனபிறகு தனியாக இருந்தவரை, இப்போது லூர்து கூட இருந்து பார்த்துக்கொள்கிறாள். கூடத்தில் கட்டில். சுவரில் மாதா படம். கட்டிலுக்குப் பக்கத்தில் நடப்பதற்கான இரும்புச் சட்டம் நின்றது. தலைமாட்டில் அவருடைய போன்.

நாயகி சாத்துக்குடிப் பையை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். லூர்து காபி போட உள்ளே போனாள்.

"தொண்ட கட்டிக்கிச்சாமே. லூர்து சொன்னா" என்றார் அமலநாதன். "பரவால்ல, நான் பேசறேன்."

அவர் பேசினார். ஆபரேஷன் பற்றி, உள்ளே வைத்த கம்பி பற்றி, ராத்திரியில் காலைத் திருப்ப முடியாதது பற்றி. நாயகி தலையாட்டிக்கொண்டிருந்தாள். பேச்சின் நடுவே அவர் ஒருக்களித்து, கட்டிலின் மறுபக்கம் இருந்த தண்ணீர்ச் சொம்பை எட்டி எடுக்கப் பார்த்தார். விரிப்பு வழுக்கியது. உடம்பு பாதி கட்டிலுக்கு வெளியே சாய்ந்தது.

"ஐயோ கடவுளே! விழுந்துடப் போறீங்க! புடிங்க, யாராவது புடிங்க!"

நாயகி ஓடிப்போய்த் தாங்கிப்பிடித்தாள். லூர்துவும் ஓடிவந்தாள். இருவருமாக அவரைத் தலையணையில் சாய்த்தார்கள். அமலநாதன் மூச்சு வாங்கினார். சொம்பு உருண்டு தண்ணீர் தரையில் ஓடியது. அவர் அதைப் பார்க்கவில்லை. நாயகியின் முகத்தையே பார்த்தார்.

"நீதானா அது?" என்றார்.

நாயகியின் கை அவர் தோளில் இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை.

"எத்தினி தடவ கேட்டிருக்கேன் தெரியுமா அந்தக் கொரல? படுத்துக்கெடக்கறவனுக்கு வேற இன்னா வேல. டிவில சொல்லியிருந்தா நான் கட்டில விட்டு எறங்கியிருக்க மாட்டேன். டிவிக்காரன் தெனமும்தான் கத்துறான். நீ அழுத. பொய் சொல்றவ இப்படி அழமாட்டான்னு நெனச்சேன்."

"நான் பொய்தாம்பா சொன்னேன்" என்றாள் நாயகி. இரண்டு மாதத்தில் வெளியாள் முன்னால் அவள் சொன்ன முதல் முழு வாக்கியம் அது. "மொதல்ல உடைஞ்சிடுச்சாம்னுதான் சொன்னேன். அப்பறம் அத அழிச்சிட்டு, உடைஞ்சிடுச்சின்னு சொன்னேன். கொம்யூன் ஆபீஸ்னு நானா சேத்துக்கிட்டேன். நம்பணும்னு. நம்பினாதான் ஓடுவாங்கன்னு."

அமலநாதன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "போயிட்டு வாம்மா" என்றார்.

வாசலில் லூர்து அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். நாயகி அடி விழும் என்றே நினைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"அவரு போன்ல அந்த வாய்ஸ் யார் பேர்லேருந்து வந்திருக்குன்னு தெரியுமாக்கா?" என்றாள் லூர்து. "என் பேர்லேருந்து. நீ அனுப்பின அடுத்த நிமிஷம் நான் அனுப்பினேன். முழுசா கூட கேக்கல. அவரு தனியா இருக்காரே, நாம போவ முடியலியே, இதயாவது செய்வோம்னு. அனுப்பினதும் எனக்கு மனசு லேசாயிடுச்சிக்கா. கடமய முடிச்ச மாதிரி இருந்துச்சி. அவரு அந்த நேரத்துல ஏணில ஏறிட்டிருந்தாரு."

"அதான் எங்கிட்ட கேக்கலியா?"

"எந்த மூஞ்ச வெச்சிக்கிட்டுக் கேக்கறது? பஸ்ல ஒருத்தியும் ஏன் வாய் தொறக்கலன்னு நெனச்ச? போலீஸ் வந்தா உன்ன மட்டுமா கேப்பான்? முப்பது பேரும் அனுப்பியிருக்கோம். அவங்கவங்க போன்ல இருந்தத அவங்கவங்க அழிச்சிட்டு உக்காந்திருக்காங்க, உன்னாட்டம் பயந்துக்கிட்டு."

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது நாயகி கமலக்கண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கையைக் கழுவிவிட்டு வந்து, "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்றான். இரண்டு நாள் அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு நாயகியும் லூர்துவும் சைபர் க்ரைம் போலீஸுக்குப் போனார்கள். போகவேண்டும் என்று சொன்னது நாயகி. யாராவது பிடித்துக்கொண்டு போகும்வரை காத்திருக்கிற தெம்பு தனக்கு இல்லை என்றாள். உள்ளே நுழையும்போது அவள் லூர்துவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். சப் இன்ஸ்பெக்டர் ஒரு பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். வாய்ஸைப் போட்டுக் கேட்டார். பிறகு நாயகியைப் பேசச் சொல்லிக் கேட்டார்.

"உங்களுக்கு யாரு சொன்னா?"

நாயகி சொந்தக்கார குரூப்பைக் காட்டினாள். அனுப்பியவருக்கு வேறு ஒருவர், அவருக்கு இன்னொருவர். கடைசியில் நூல் எங்கே அறுந்தது என்றே தெரியவில்லை.

"சரி, நீங்க ஏன் அனுப்பினீங்க?"

இந்தக் கேள்விக்கு நாயகி தம்பியைப் பற்றிச் சொன்னாள். இரண்டு பத்துக்கு வந்த செய்தி, மூன்று மணிக்குத் திறந்த லாக்கர். பேசப்பேச அவளுக்கே அது போதாது என்று தோன்றியது. பிறகு இன்னொன்றும் சொன்னாள்: "நான் சொன்னா நாலு பேரு கேக்கறாங்க மேடம். அதுக்கு முன்னாடி யாரும் கேட்டதில்ல." இதைச் சொல்லும்போதுதான் வெட்கமாக இருந்தது, போலீஸ் முன்னால் நின்றதுகூட அவ்வளவு இல்லை என்றாள்.

சப் இன்ஸ்பெக்டர் பேனாவை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார். "இதெல்லாம் நான் எழுத முடியாதும்மா" என்றார். பயத்தில் அனுப்பியதாகக் கூறுகிறார் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கினார். எச்சரித்து அனுப்பினார்கள். கூப்பிடும்போது வரவேண்டும் என்றார்கள். அந்த வார்த்தை நாயகியோடு வீட்டுக்கும் வந்தது. இதுவரை கூப்பிடவில்லை. போனை வாங்கி வைத்துக்கொண்டு ஒன்பது நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த ஒன்பது நாளும் கை சும்மா இருக்க முடியாமல் நாயகி இருந்த துணியையெல்லாம் மடித்து மடித்து வைத்தாள்.

போன் வந்ததும் அவளாகவே இன்னொரு வாய்ஸ் பேசினாள். தன் பெயரைச் சொல்லி, தெருவைச் சொல்லி, ஏரி உடைந்ததாகச் சொன்னது நான்தான், அது உண்மையில்லை, எங்கே அந்தக் குரலைக் கேட்டாலும் அழித்துவிடுங்கள் என்று. இருபத்து மூன்று குரூப்பிலும் போட்டாள். எனக்குத் தெரிந்து நாலே பேர்தான் அதை மற்றவர்களுக்கு அனுப்பினார்கள். நான் என் அண்ணனுக்கு அனுப்பினேன். அவர் கேட்டாரா என்று தெரியவில்லை.

அமலநாதன் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடக்கிறார். மாடி ஏற முடியாது. கேஸ் வேண்டாம் என்று மட்டும் லூர்துவிடம் சொல்லியிருக்கிறார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நாயகி அதன்பிறகு இரண்டு தடவை போனாள். இரண்டு தடவையும் அவர் பேசினார், ஆனால் அவளைப் பார்த்துப் பேசவில்லை.

அடுத்த மழைக்காலம் வந்தது. அக்டோபர் மூன்றாம் வாரம் ஒரு காலை, வானம் இருட்டிக்கொண்டு நல்ல மழை. பஸ் சேதராப்பட்டு ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. முன்சீட்டில் பாரதி உட்கார்ந்திருந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்த சின்னப் பெண். அவள் போனிலிருந்து சத்தம் வந்தது.

"எல்லாரும் கேளுங்க, ஏரி உடைஞ்சிடுச்சி..."

பஸ் சட்டென்று அமைதியாகிவிட்டது. நாயகி கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து முன்னால் போனாள்.

"அத அனுப்பாதம்மா. அது பழசு. போன வருஷத்துது. அந்த வாய்ஸ் என்னுது."

பாரதி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது. "இல்லக்கா, இப்பதான் வந்துச்சி. ஏழு அஞ்சுக்கு. பாருங்க."

"நான்தாம்மா பேசினது. கொரலக் கேளு."

"எங்கம்மா தனியா இருக்குக்கா" என்று சொல்லிக்கொண்டே பாரதி பொத்தானை அழுத்திவிட்டாள். அழுத்தியபிறகு அவள் உடம்பு தளர்ந்ததை நாயகி பார்த்தாள். லூர்து சொன்ன அந்த லேசான மனசு அதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"போன் போடு" என்றாள் நாயகி. "அம்மாவுக்குப் போன் போடு. இப்பவே. பேசு."

பாரதி போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. பின்னால் லூர்து தன் அப்பாவுக்குப் போட்டாள். அவர் எடுத்து, எனக்கும் வந்தது, நான் எழுந்திருக்கவேயில்லை என்றார். ஒருத்தி மாமியாருக்கு, ஒருத்தி பிள்ளைக்கு என்று பஸ் முழுக்கப் போன் போட்டது. எல்லோர் வீட்டிலும் எடுத்தார்கள். பாரதியின் அம்மா மட்டும் எடுக்கவில்லை.

"உங்க வீட்டுக்கு மாடி ஏறுறதுக்குப் படியா, ஏணியா?" என்று லூர்து கேட்டாள்.

"ஏணி" என்றாள் பாரதி.

கம்பெனி வாசலில் பஸ் நின்றும் ஒருவரும் இறங்கவில்லை. செக்யூரிட்டி குடையோடு வந்து கண்ணாடியைத் தட்டினார். டிரைவர் பொறுங்க என்று கையைக் காட்டினார். நாயகி பாரதியின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டாவது தடவையோ ஒன்பதாவது தடவையோ மணி அடித்தபோது மறுமுனையில் எடுத்தார்கள். பாரதிக்குப் பேச வரவில்லை, அழுகைதான் வந்தது. நாயகி போனை வாங்கினாள்.

"அம்மா, எங்க இருக்கீங்க?"

"வீட்டுலதான். போன சார்ஜுல போட்டுட்டுப் பால் வாங்கப் போயிருந்தேன். நீங்க யாரு?"

"பாரதிகூட வேல செய்யறவங்கம்மா. உங்களுக்கு ஒரு வாய்ஸ் வந்திருக்கும். அதக் கேக்காதீங்க. ஏரி உடையல. ஏணில ஏறாதீங்க. வீட்டுலயே இருங்க."

"ஏரியா?" என்றாள் அந்த அம்மா. "ஏங்க, ஏரிக்கி இன்னா ஆச்சி? எனக்குக் கொஞ்சம் வெவரமா சொல்லுங்களேன், பக்கத்து வீட்டுலயும் சொல்லிட்டு வந்துடறேன்."